எட்டாவது குறிப்பு

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் இரண்டு வரி இடம்.

ஒரு வாரப் பத்திரிகையின் இணைப்பில் 'வீட்டிலேயே செய்யலாம்' என்று ஒரு பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் துணியில் கறை போக்குவது, ஒரு வாரம் எறும்பை விரட்டுவது. அந்த வாரம் வறண்டு வெடித்த கைகளைக் கவனித்துக்கொள்வது. ஏழு குறிப்பு எழுதினேன். ஏழும் ஒரு தோல் மருத்துவரிடம் கேட்டு எழுதியவை. அச்சுக்குப் போகிற நேரத்தில் பக்கம் வடிவமைப்பவர் கூப்பிட்டார்.

"மேடம், கீழ ரெண்டு வரி காலியா நிக்குது. எதையாவது போட்டு அடைங்களேன்."

அடைத்தேன். 'எட்டு: எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை கலந்து வெடிப்பின் மேல் நன்றாகத் தேய்த்தால் தோல் பட்டுப்போல் ஆகும்.' யாரைக் கேட்டேன்? ஒருவரையும் கேட்கவில்லை. எங்கோ, யாரோ, எதற்கோ சொன்னது காதில் கிடந்தது. எடுத்துப் போட்டுவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து ஒருவர் ஃபோன் செய்தார்.

"எட்டாவது குறிப்பு எழுதினது நீங்கதானா?"

"ஆமாம்" என்றேன், பாராட்டப்போகிறார் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு.

"நல்லா இருப்பீங்க" என்றார். அவர் சொன்ன தினுசிலேயே அது பாராட்டு இல்லை என்று தெரிந்துவிட்டது.

அவர் சொன்னதுதான் கதை. அவர் மறைத்ததை அவர் மனைவி சொன்னார். இடையிடையே கொஞ்சம் சரக்கு என்னுடையது.

2

முதல் தொடக்கம்:

'அவருடைய விரலில் ரத்தச் சிவப்பாக ஒரு வெடிப்பு ——'

அடித்துவிட்டேன். அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. கதை அவர் தோளை ஒட்டி நடக்கப்போகிறது. அங்கே சிவப்புக்கு என்ன வேலை?

இரண்டாம் தொடக்கம்:

'இருள் சூழ்ந்த அவருடைய உலகத்தில் ——'

இதை ஃபோனில் அவருக்கே படித்துக் காட்டினேன். எனக்குப் பிடித்த வரி அது. கொஞ்சம் குரலைத் தழைத்தே படித்தேன்.

"எந்த இருள் மேடம்? எங்க வீட்ல லைட் போட மறந்துட்டா விருந்தாளிங்கதான் முட்டிக்குவாங்க. நாங்க நல்லாத்தான் நடக்கறோம்."

அதையும் அடித்துவிட்டேன். மூன்றாவது தொடக்கத்தை அவரே கொடுத்தார். "சும்மா வேலையில இருந்து ஆரம்பிங்க. சுத்தி வளைக்காதீங்க."

3

பார்வையில்லாதவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் புத்தகங்களை அடிக்கிற அச்சகம் அது. ஓர் எழுத்துக்கு ஆறு புள்ளிக்கு இடம் உண்டு. மேல் வரிசையில் இரண்டு, நடு வரிசையில் இரண்டு, கீழ் வரிசையில் இரண்டு. எந்த இடத்தில் புள்ளி மேடாக நிற்கிறது, எந்த இடம் வெறும் தாளாக இருக்கிறது என்பதை வைத்து எழுத்து. (நடு வரிசையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், போதும். பரீட்சை எல்லாம் கிடையாது.)

மெஷினில் உட்கார்ந்து அடிப்பவர் மனைவி. அவருக்கும் பார்வை இல்லை. ஆறு விசை, ஆறு ஊசி, பத்தொன்பது வருஷம். அச்சகத்தில் எல்லாரும் அவரை மெஷினம்மா என்பார்கள். அவர் அடிக்கிற பக்கத்தைத் தடவிப் பார்த்துத் திருத்துபவர் கணவர். ஒரு புள்ளி மழுங்கியிருந்தாலும் அந்தப் பக்கத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் அவருக்குப் புள்ளிக்காரர் என்று பெயர். பக்கம் சரியாக இருந்தால் மேல் வலது மூலையில் குண்டூசியால் மூன்று குத்து குத்துவார். அந்த மூன்று குத்து விழுந்தபிறகு அந்த அச்சகத்தில் யாரும் எதிர்த்துப் பேசியது இல்லை.

அவர் படிப்பது இடது கை ஆள்காட்டி விரலால். அது ஒன்றால்தான்.

"மத்த ஒம்பதும் மழைக்குக்கூட பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கினது இல்ல மேடம்."

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷினம்மாவின் அண்ணன் சாப்பிட வந்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் மெஷினம்மா பெருமூச்சு விட்டுக்கொண்டே பாத்திரம் கழுவப் போனார். புள்ளிக்காரர் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். யானைக்கும் அடி சறுக்கும்.

"பாத்திரம் கழுவறதெல்லாம் ஒரு வேலையா? என்னமோ மலையைப் பெயர்க்கிற மாதிரி மூச்சு விடறே. நான் நூறு நாள், ஒரு நாள் விடாம கழுவிக் காட்டட்டுமா?"

குழாய் நின்றது.

"அண்ணா, கேட்டியா? நீதான் சாட்சி" என்றார் மெஷினம்மா.

"கேட்டேன், கேட்டேன். மாப்பிள்ளை, தோத்தா என்ன?" என்றார் மச்சான். இந்த மாதிரி விஷயத்தில் மச்சான்மார்களுக்கு ஒரு தனி சுறுசுறுப்பு வந்துவிடும்.

தோற்றவர் அச்சகத்துச் சாப்பாட்டு மேசையில், எல்லார் முன்னாலும், 'நீ சொன்னதுதான் சரி' என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். மூன்று பேரும் கையடித்து முடிவு செய்தார்கள்.

"கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்த வார்த்தைய இவர் வாயில இருந்து ஒரு தரம்கூட நான் கேட்டது இல்ல மேடம். அதுக்காகவே ஒத்துக்கிட்டேன்" என்றார் மெஷினம்மா என்னிடம்.

(இங்கே எனக்கு என் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. ஒரே ஒரு விரலை நம்பிப் பிழைக்கிற மனுஷர், கையுறை போடாமல் கழுவுவாரா? வாசகர் நம்புவாரா? கேட்டேன். "கையுறை போட்டா அழுக்கு எப்படித் தெரியும்? நான் என்ன பாத்திரத்தக் கண்ணாலயா பாக்கறேன்?" என்றார். என் சந்தேகத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.)

ஆக, அவர் பாத்திரத்துக்கும் திருத்தம் பார்த்தார். கை பொறுக்காத சூட்டில் தண்ணீர், காரமான பவுடர், கம்பி நார். கழுவியபின் உள்ளே, வெளியே, கைப்பிடி சேருகிற இடுக்கு என்று எல்லாவற்றையும் இடது ஆள்காட்டி விரலால் தடவுவார். எங்காவது பிசுக்கு தட்டினால் அந்தப் பாத்திரத்துக்கு மறுபடி முதலிலிருந்து குளியல். நாலு தட்டுக்கு முக்கால் மணி நேரம்.

"தட்டு தேஞ்சு ஓட்டை விழப்போகுது, விடுங்க" என்பார் மெஷினம்மா கூடத்திலிருந்து.

தட்டு தேயவில்லை.

5

இருபதாம் நாள் வாக்கில் கை வறண்டு சொரசொரத்தது. முப்பதாம் நாள் அந்த விரலின் நுனியில் ஒரு வெடிப்பு, குறுக்காக. தொட்டால் சுரீர் என்றது. சொன்னால் மனைவி பாத்திரத்தைப் பிடுங்கிக்கொள்வார், பந்தயம் தோற்றுவிடும், சாப்பாட்டு மேசையில் மூன்று தரம். சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அவருடைய ஃபோன் பத்திரிகையை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தது. என் பத்தி வந்தது. காதோடு வைத்துக்கொண்டு கேட்டார். வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீர் போதும். காரமான சோப்பு வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் வாஸ்லினைக் கெட்டியாகப் பூசுங்கள். மேலே மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் வேலைக்கு ரப்பர் கையுறை. ஒரு வாரத்தில் ஆறாவிட்டால், ரத்தமோ சீழோ வந்தால், மருத்துவரிடம் போங்கள்.

எல்லாம் சரிதான். ஆனால் வாஸ்லின் பூசினால் கை வழவழக்கும், தொட்டால் மனைவிக்குத் தெரியும். கையுறை போட்டால் கேட்கவே வேண்டாம். மனைவிக்குத் தெரியாமல் செய்யக்கூடிய வைத்தியம் எட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பாத்திரம் கழுவுகிற இடத்தில் எலுமிச்சை வாசனை வந்தால் யார் சந்தேகப்படப்போகிறார்கள்?

ஏழு உண்மையையும் விட்டுவிட்டு, நேராக வந்து என் பொய்யில் விரலை வைத்தார்.

"அம்மாடியோவ்!"

"என்னங்க?" என்று கூடத்திலிருந்து மெஷினம்மா.

"கரப்பான்!"

"எங்க?"

"கால் மேல ஏறிச்சு. போயிடுச்சு, போயிடுச்சு!"

நான்கு நாள் தேய்த்தார். நான்கு நாளும் கரப்பான் வந்தது. நான்காம் நாள் மெஷினம்மா மூலைக்கு மூலை மருந்து வைத்தார், பாவம்.

(பக்கக் குறிப்பு: முதல் நாளே விட்டிருக்கலாமே என்று கேட்டேன். "எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்னு நினைச்சேன் மேடம்" என்றார். இந்த நம்பிக்கையை வைத்து எத்தனை பேர் எத்தனை பேரை ஏமாற்றியிருப்பார்கள் என்று தனிக் கட்டுரையே எழுதலாம். முதல் அத்தியாயம் என்னைப் பற்றியது.)

6

ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கதைப் புத்தகம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கிற சின்னப் பிள்ளைகளுக்கு. வெள்ளிக்கிழமை கட்டி அனுப்ப வேண்டும்.

திங்கட்கிழமை புள்ளிக்காரர் முதல் பக்கத்தைத் தடவினார். நடு வரிசையில் இரண்டு இடத்தில் புள்ளி இல்லை. இரண்டாம் பக்கத்தில் நான்கு இடம். மூன்றாம் பக்கத்தில் ஏழு.

"நடு ஊசி தேஞ்சுபோச்சு. புள்ளி விழல" என்று பக்கங்களைத் திருப்பி அனுப்பினார்.

மெஷினம்மா தடவிப் பார்த்தார். "விழுந்திருக்கே! இதோ நிக்குது, மிளகாட்டம்."

"நீ அடிச்சது உனக்கு மனப்பாடம். இல்லாததும் இருக்கற மாதிரிதான் தெரியும்."

"எனக்கா? பத்தொம்பது வருஷமா எனக்குப் புள்ளி தெரியாதா?"

மேலாளர் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தாளை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "இருக்கற மாதிரியும் இருக்கு, அமுங்கின மாதிரியும் இருக்கு. எனக்கென்ன தெரியும்? புள்ளிக்காரர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

என்ன நடந்ததென்று உங்களுக்குப் புரிந்திருக்கும். விரல் தாளில் இடமிருந்து வலமாக ஓடும். குறுக்கே பிளந்த வெடிப்பு அங்கங்கே சரியாக நடு வரிசைக்கு நேராக அமைந்துவிட்டது. புள்ளி பள்ளத்துக்குள் போய்ச் சத்தமில்லாமல் மறுபக்கம் வெளியேறியது. தப்பு விரலிலேயே இருந்ததால் விரல் போன பக்கமெல்லாம் தப்பு. "வலிச்சது மேடம். ஆனா வலிக்கற விரல் பொய் சொல்லும்னு எனக்குத் தோணவே இல்ல" என்றார்.

புதன்கிழமைக்குள் நாற்பது பக்கம் திரும்பிவிட்டது. மேலாளர் முடிவு சொன்னார். மெஷினைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்புவது. வியாழக்கிழமை மூன்று மணிக்கு வண்டி வரும். திரும்ப வர எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது. அதுவரை மெஷினம்மா பைண்டிங் மேசையில் பசை தடவட்டும்.

மெஷினம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை. பத்தொன்பது வருஷம் ஒரு புள்ளி தவறவிடாதவரை, கட்டின புருஷனே தவறவிட்டார் என்று சொல்லிவிட்டார். அன்றைக்குப் புள்ளிக்காரர் பாத்திரம் கழுவும்போது தட்டு தேயப்போகிறது என்று சொல்லக்கூட ஆளில்லை. அந்த மௌனம் எலுமிச்சையைவிட எரிந்தது என்றார். (இந்த உவமை அவருடையது. நான் திருடவில்லை.)

7

வியாழக்கிழமை சாப்பாட்டு இடைவேளை. எல்லாரும் மேசைக்குப் போய்விட்டார்கள். மெஷினம்மா ஒரு தாளைக் கொண்டுவந்து கணவர் முன்னால் வைத்தார். மேல் வலது மூலையைத் தன் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா ஒண்ணு. வண்டி வர்றதுக்குள்ள பாத்துச் சொல்லுங்க."

புள்ளிக்காரர் தடவினார். "மூணாவது வரியில ஒண்ணு விழல. ஆறாவதுல ரெண்டு. கடைசி வரியில ஒண்ணு. மொத்தம் நாலு."

"நிச்சயமா?"

"இதுல என்ன நிச்சயம்? விழல, அவ்வளவுதான்."

மெஷினம்மா உள்ளங்கையை எடுத்தார். "மூலையத் தொடுங்க."

தொட்டார். மூன்று குத்து. அவருடைய குண்டூசி, அவருடைய குத்து. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரே பார்த்துச் சரி என்று அனுப்பிய பழைய பக்கம் அது. ஆயிரம் பிரதி போய், ஆயிரம் பிள்ளைகள் படித்து முடித்த பக்கம்.

புள்ளிக்காரர் விரலை எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அந்த மூன்று குத்தையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு கையை மெதுவாக மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டார்.

"கையக் கொடுங்க."

"ஒண்ணுமில்லம்மா."

"கொடுங்கன்னா."

கொடுத்தார். மெஷினம்மா ஒவ்வொரு விரலாகத் தடவிக்கொண்டே வந்து, அந்த விரலில் நின்றார்.

"இது விரலா, வறண்டுபோன ஏரியா? எத்தனை நாளா?"

"பத்து நாள்."

"கரப்பான் வந்தப்பவேவா?"

"... ஆமா."

"என் மெஷினக் கழட்டற வரைக்கும் விட்டுட்டீங்களே. அந்த மூணு தரத்துக்குப் பயந்தா?" கோபம்தான், ஆனால் அவர் கையை விடவில்லை.

மணி இரண்டேகால்.

8

இங்கே நான் இரண்டு முடிவு எழுதி வைத்திருந்தேன்.

முதல் முடிவு: மெஷினம்மா கணவர் மானத்தைக் காப்பாற்ற, 'ஊசிதான் தேய்ந்துவிட்டது' என்று மேலாளரிடம் சொல்லி, கண்ணீரோடு பசைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ——

படித்துக் காட்டியதும் மெஷினம்மா ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார். "யாரு, நானா? இவர் மானத்துக்கு நான் பசை தடவணுமா? உங்க வீட்ல அப்படித்தான் நடக்குமா மேடம்?"

அடித்துவிட்டேன்.

இரண்டாம் முடிவு: மூன்று மணி. வண்டி வாசலில் வந்து நிற்கிறது. மெஷினைத் தூக்குகிறார்கள். புள்ளிக்காரர் குறுக்கே பாய்ந்து, "நிறுத்துங்கள்!" என்று ——

"நான் எங்க பாயறது? ஸ்டூல் தடுக்கி விழுந்து வைக்கவா?" என்றார் அவர். பிறகு கொஞ்சம் யோசித்து, "ரெண்டுலயும் நடு வரிசை விழல மேடம்" என்றார்.

"என்ன விழவில்லை?"

"நான் பாயவெல்லாம் இல்ல. ரெண்டரை மணிக்கு மேலாளர் ரூமுக்குப் போனேன். 'மெஷின்ல தப்பு இல்ல சார், என் விரல்ல தப்பு, மறைச்சது நான்'னு சொன்னேன். வண்டிய வர வேண்டாம்னு சொல்லிட்டார். அப்படியே சாப்பாட்டு மேசைக்கு வந்து, எல்லாரும் டிஃபன் பாக்ஸ் மூடறதுக்குள்ள மூணு தரம் சொன்னேன். முதல் தரம்தான் கஷ்டம். மூணாவது தரம் கை தட்டினாங்க."

"நாலாவது தரம் நான் கேட்டு வாங்கினேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அதற்குப்பின் பன்னிரண்டு நாள் அந்த விரலுக்கு ராஜ உபசாரம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷம், மெத்தென்ற துணியால் ஒற்றி, ஈரம் போவதற்குள் வாஸ்லின், மேலே பருத்திக் கையுறை. ஒரு வாரத்தில் பாதிதான் ஆறியிருந்தது என்று டாக்டரிடமும் போனார்கள். அந்த நாட்களில் வலது ஆள்காட்டி விரல் முதல் தடவையாகப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது, மெஷினம்மாவிடம். எழுத்துக் கூட்டிக் கூட்டி, நாளைக்கு ஐந்து பக்கம். "இந்த வாத்தியாரம்மா அடிக்காத குறை" என்றார் புள்ளிக்காரர். பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் பத்து நாள் தாமதமாகப் போனது. தாமதத்துக்குக் காரணம் கேட்டவர்களுக்கு அவரே பதில் சொன்னார்.

"சரி மேடம். என் தப்ப நான் சொல்லிட்டேன்" என்றார் கடைசியில். "உங்க எலுமிச்சம்பழத்த நீங்க யார்கிட்ட சொன்னீங்க?"

பத்திரிகையில் திருத்தம் போட இடமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் பொய். நான் கேட்கவே இல்லை. அவர் முதல் தடவை ஃபோன் செய்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆசிரியரை இரண்டு முறை சந்தித்துப் பேசியிருந்தேன், இரண்டு முறையும் வேறு என்னென்னவோ பேசினேன். 'இதெல்லாம் பார்க்காமலா எழுதுவீர்கள்' என்று கேட்டுவிடுவாரோ என்று பயம். அவருக்கு மூன்று தரம் சொல்ல வெட்கம், எனக்கு ஒரு தரம் சொல்ல. எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அதை அவரிடம் சொன்னேன்.

"அப்ப கதையிலயே சொல்லிடுங்க. எங்க ஃபோன் படிச்சுக் காட்டும்."

சொல்கிறேன். எட்டாவது குறிப்பு தப்பு. அதை எழுதியது நான், கேட்காமல் எழுதினேன். வெடித்த தோலில் எலுமிச்சையும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். யாராவது தேய்த்திருந்தால் தண்ணீரில் கழுவிவிட்டு மற்ற ஏழையும் செய்யுங்கள். என்னை மன்னித்துவிடுங்கள். நாளைக்குக் காலையில் ஆசிரியரிடமும் இதையே சொல்வேன்.

9

இதைப் படித்துக் காட்டியபோது இருவரும் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார்கள். குழாயிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம். நடுவில் ஒரு தட்டு இன்னொரு தட்டின் மேல் உட்காரும் சத்தம். ரப்பர் கையுறை கீச்சென்றது. பந்தயம் எப்போதோ முடிந்துவிட்டாலும், நூறாவது நாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது, நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

"இப்ப யாரு கழுவறீங்க?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். இரண்டு குரலும் ஒரே தூரத்திலிருந்து வந்தன.

"அடியில பிசுக்கு இருக்கு. மறுபடி கழுவணும்" என்றது ஒரு குரல்.

யார் சொன்னது, யார் கழுவியது என்று எனக்குத் தெரியும். வடிவமைப்பவர் வழக்கம்போல இப்போதுதான் கூப்பிட்டார்: கதைக்குக் கீழே இரண்டு வரி காலியாக நிற்கிறதாம். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவை நான் அடைக்கப்போவதில்லை. அவர்கள் இருவரையும் உங்களுக்கு இப்போது தெரியும். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

. . . . . . . . . . . . . . . . . . . . . . . .

. . . . . . . . . . . . . . . . . . . . . . . .